மணமக்கள் அறை

"இங்க நாத்தம் அடிக்குது," என்றாள் ரெனாட்டே, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

கோட்டையின் வரவேற்புக் கூடத்தில், அன்று காலையில் பறித்த லைலாக் பூக்கள் பெரிய பெரிய ஜாடிகளில் நிறைந்திருந்தன. நிர்வாகி கைபெல் குனிந்து ஒரு கொத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு நிமிர்ந்தார்.

"பூ நாறுதாம்," என்று வருங்கால மருமகள் ஸ்வென்யாவின் காதில் முணுமுணுத்தாள் மார்லீஸ். "உங்கம்மா மூக்கே தனி."

அடுத்த மே மாதம் ஸ்வென்யாவுக்கும் மார்லீஸின் மகனுக்கும் கல்யாணம். இந்தக் கோட்டையைத் தேடிப் பிடித்ததும், விடாமல் தொலைபேசியில் பேசி ஒரு சனிக்கிழமையை வாங்கியதும், இன்று மூன்று மணி நேரம் காரோட்டிச் சம்பந்தியம்மாளை அழைத்து வந்ததும் மார்லீஸ்தான். அதே சனிக்கிழமைக்கு இன்னொரு ஜோடி காத்திருந்தது. மாலைக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அம்மா சரியென்று சொல்லாமல் போட மாட்டேன் என்று ஸ்வென்யா பிடிவாதமாக இருந்தாள். அப்பா இல்லாத வீடு. அவளுக்கு எல்லாம் அம்மாதான். அந்த அம்மாவோ வழியெல்லாம் தன் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். மலையடிவாரம்வரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்த வயல்களைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கைபெல் கோட்டையின் கதையைச் சொல்லியபடி முன்னால் நடந்தார். பிரபுக்கள், வேட்டை, ஒரு தீ விபத்து. அங்கிருந்து ஒரே தாவலில் கூரை மாற்றிப் புதுப்பித்த கதைக்கு வந்துவிட்டார்.

சமையலறையில் ஆளுக்கொரு கிண்ணம் உருளைக்கிழங்கு சூப் கொடுத்தார்கள். பழங்காலத் தோற்றத்துக்காகக் கிண்ணங்கள் தகரத்தில் செய்யப்பட்டிருந்தன. ரெனாட்டே தன் கிண்ணத்தை, செத்த எலியைத் தள்ளுவதுபோல், ஒற்றை விரலால் தள்ளி வைத்தாள். சமையல்காரரின் முகம் சிவந்தது.

அதைவிட மோசம் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் ஓரடி முன்னால் ரெனாட்டே நின்றுவிடுவாள். கைப்பிடியைத் தொடமாட்டாள். பார்க்கத் தகுந்தது எதுவுமே அங்கே இல்லை என்பதுபோல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, யாராவது வந்து திறந்து, "வாங்க" என்று சொல்லும்வரை நிற்பாள். நான்கு கதவுகளை மார்லீஸே ஓடிப்போய்த் திறந்துவிட்டாள்.

"உங்க வீட்டுலயும் இப்படித்தானா? நீதான் கதவு திறந்து விடுவியா?" என்று ஸ்வென்யாவிடம் கேட்டாள்.

வீட்டில் அம்மா இப்படி இல்லை என்றாள் ஸ்வென்யா. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மார்லீஸுக்கு அருவருப்பாக இருந்தது. நாடு கிழக்கு, மேற்கு என்று இரண்டாகி, நடுவே காவல் போட்ட எல்லை இருந்த காலத்தில் கிழக்கிலிருந்து மாற்றுத்துணிகூட இல்லாமல் மேற்கே வந்து சேர்ந்தவள் இந்த ரெனாட்டே. அப்படிப்பட்டவளுக்கு எங்கிருந்து வந்தது இந்த மகாராணித் திமிர்?

கடைசியாக மேல்மாடியில் மணமக்கள் அறை. கதவைத் திறந்து, இரண்டு முறை "வாங்க" என்று சொன்ன பிறகே ரெனாட்டே உள்ளே வந்தாள். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், செம்புக் குளியல் தொட்டி, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல்.

"சுவர் ஒன்றரை மீட்டர் கனம்," என்று சுவரைத் தட்டிக் காட்டினார் கைபெல். "உள்ள எவ்வளவு சத்தம் போட்டாலும் வெளிய ஒருத்தருக்கும் கேக்காது." சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். மார்லீஸ் சிரித்தாள்.

ரெனாட்டே கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனாள். அதில் துப்பினாள்.

மார்லீஸின் சிரிப்பு நின்றது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. "போதும் ரெனாட்டே. பூ நாறுது, சூப் ஆகல, கதவுல கை பட்டா அழுக்கு. இப்ப இந்த ரூமுக்கு என்ன குறைச்சல்? ரெண்டு பேருக்குப் போதாதா இது? பொண்ணு மூஞ்சியப் பாத்தாவது ஒரு பதில் சொல்லுங்க."

ரெனாட்டே கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, ஒருமுறை நடந்து திரும்பினாள்.

"ரெண்டு பேருக்குத் தாராளமாப் போதும்," என்றாள். "எல்லை தாண்டப் போய்ப் பிடிபட்டப்போ, இதே ரூம்ல எங்களை இருபத்து நாலு பேரா அடைச்சு வச்சிருந்தாங்க."