ஸ்டான்லி சார் வூட்டு உள்சுவர்

நான் நகராட்சியில கொசு ஒழிப்பு வேலை பாக்குறேன். வூட்டைப் பாத்துட்டு, வாசல் சுவத்துல சாக்பீஸால தேதி போடணும். பூட்டியிருந்தா, பக்கத்துல ‘பூட்டு’ன்னு எழுதணும். செராமிக் கம்பெனிங்களுக்குப் பின்னாடி இருக்குற ஸ்டான்லி சார் வூட்டுல வாராவாரம் ‘பூட்டு’ன்னு எழுதியே கை ஓஞ்சு போச்சு. கொல்லையில உடைஞ்ச கக்கூஸ் பீங்கான் குவிஞ்சு கெடக்குது. அதுல மழைத்தண்ணி, தண்ணி நெறைய கொசுப்புழு. சீல் வைப்போம்னு ஆபீஸ்ல மிரட்டின அப்புறம்தான் மனுஷன் பாண்டிச்சேரியிலேருந்து சாவியோட வந்தாரு.

“ஆள் இல்லாத வூட்டுக்கு என்னம்மா இவ்ளோ ரோதனை?”

“டெங்கு வந்தா தெருவுக்கே வரும் சார். தொறங்க.”

துருப்புடிச்ச பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் தொறந்தோம். தரையெல்லாம் தூசி. எங்க காலடியைத் தவிர ஒரு தடம் இல்ல.

கதவோரம் உள்சுவத்துல சாக்பீஸ் எழுத்து. நான் வெளியில போட்ட அதே தேதிங்க, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ‘பூட்டு’. என் கையெழுத்து இல்ல.

“ஏம்மா, உள்ளயும் கிறுக்கி வெச்சிருக்கீங்களா?”ன்னு சார் எரிஞ்சு விழுந்தாரு.

நான் கடைசி வரியைப் பாத்துக்கிட்டே நின்னேன். இன்னைக்குத் தேதி. பக்கத்துல ‘தொறந்தாச்சு’.