பச்சை ஹோஸ்

முதல் குமிழ் தனியாக வந்தது.

கண்ணாடி போன்ற சன்னக் குழாய்க்குள், கடுகளவு. நீரோடு ஓடி, அளவுப்பெட்டியின் வாய்க்குள் மறைந்தது.

நிலத்தடி நீரின் வயதை அளக்க வந்தவள் அவள். குனிந்தபடியே இருந்தாள்.

இரண்டாவது வந்தது. பிறகு கோர்வையாக.

ஜெட் மோட்டார் போர்க்குழிக்குள்ளிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உறிஞ்சுகிற இழுப்பில், நீரில் கரைந்திருந்த வாயு பிரிந்து குமிழாகிறது. குமிழாகிப் போனதைப் பெட்டி அறியாது. நீரில் மிஞ்சியதை மட்டுமே அளக்கும்.

அந்த வாயு காற்றில் கலக்கத் தொடங்கி ஐம்பது வருடம் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. மழையோடு மண்ணில் இறங்குகிறது. நீரில் அது நிறைய இருந்தால், அண்மையில் பெய்த மழை. குறைவாக இருந்தால், எப்போதோ பெய்தது.

திரையில் வாயுவின் அளவைக் காட்டும் எண் நின்றது. போன வருடத்து எண்ணேதான். நாற்பது வருடத் தண்ணீர்.

கிழக்கே, வேலிக்கு அப்பால், சாயப்பட்டறையின் கழிவுக்குட்டை வெயிலில் மினுங்கியது.

பட்டறை வந்து பதினெட்டு வருடம். நாற்பது வருடத் தண்ணீருக்குள் அது வந்திருக்க முடியாது. போன வருடம் அவள் அதைத்தான் எழுதிக் கொடுத்தாள். முத்திரை வைத்த தாள். கடைசி வரி: குடிக்கலாம்.

அன்று குமிழ் இருந்ததா?

அன்று கண்ணாடிக் குழாயை அலுவலகத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். இந்தத் தோட்டத்துப் பச்சை ஹோஸில் ஒரு முழம் வெட்டிப் பொருத்தினாள். பச்சை ஹோஸுக்குள் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. குமிழ்: உண்டு / இல்லை.

அன்று வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று ஊர் மீதி இருந்தது.

இல்லை என்பதில் டிக் அடித்தாள்.

"உங்க பொட்டி எங்களக் காட்டியும் நல்லாக் குடிக்குதுங்க, அம்மிணி."

பாவாத்தாள். தோட்டத்துக்காரி. இடுப்பில் குடமும் கையில் ஒரு சொம்பும். குடத்தைப் பெரிய குழாயின் கீழே வைத்தாள். சொம்பை நீட்டினாள்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்க. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது."

அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"முன்னயெல்லாம் கேன் தண்ணிதானுங்க. இப்பக் குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் இதேதான். சம்மந்தியம்மா, சாயத்தண்ணி ஊருக்குப் பெரசவத்துக்குப் புள்ளய அனுப்பமாட்டேன்னுட்டாங்க. உங்க காயிதத்த ஜெராக்ஸ் எடுத்துக் கையில குடுத்தனுங்க. அப்புறம்தான் வாய மூடுனாங்க."

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். ஏழு மாதம். வளைகாப்பு வளையல்கள் முழங்கைவரை ஏறியிருந்தன. அரிசி களைந்துகொண்டே இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாசியிலருந்து தண்ணி லேசாக் கரிக்குதுங்கறா," என்றாள் பாவாத்தாள். "மாசமா இருக்கறவளுக்கு நாக்குல எல்லாம் தப்பாத்தான் தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியலீங்க."

அவள் சொம்பை மண்ணில் வைத்தாள்.

பெரிய குழாயின் வால்வை மெல்லத் திருகினாள். குடத்தில் விழுந்த நீர் கயிறாக மெலிந்தது. பிறகு நூலாக. சன்னக் குழாய்க்குள் அழுத்தம் ஏறியது. குமிழ்கள் சுருங்கின. ஒன்று பாதி வழியிலேயே கரைந்து போனது.

குழாய் தெளிந்தது.

எண் ஏறத் தொடங்கியது. ஏற ஏற, தண்ணீரின் வயது குறைந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. முப்பது வருடத்தைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. பத்துக்கும் எட்டுக்கும் நடுவே கொஞ்சம் தடுமாறி, எட்டில் நின்றது.

எட்டு வருடத் தண்ணீர்.

எட்டு வருடத்துக்கு முன் கழிவுக்குட்டை நிரம்பித்தான் இருந்தது.

தென்னை மட்டை ஒன்று எங்கோ விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆச்சுங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் பாவாத்தாள் வால்வைத் திறந்துவிட்டாள். நீர் திரண்டு குடத்தில் விழுந்தது. சன்னக் குழாயில் குமிழ்கள் மறுபடி கோத்துக்கொண்டு வந்தன. எண் இறங்கியது, வயது ஏறியது. இருபது. முப்பது.

நாற்பது. அங்கே அமைதியாக நின்றது.

அவள் பெட்டியருகே உட்கார்ந்தாள். படிவம் மடியில் இருந்தது. அதே கட்டம். பேனாவின் மூடியை எப்போது கழற்றினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

ஒரு வருடம் என்பது எத்தனை குடம்.

குடம் முக்கால் நிறைந்திருந்தது. மகள் அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, குடத்தை வாங்க இறங்கி வந்தாள். படி படியாக, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. வளையல்கள் ஒவ்வொரு படிக்கும் ஒலித்தன.

படிவத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுந்தாள். மோட்டார் அறைக்குள் போனாள்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டாரின் முனகல் தேய்ந்து நின்றது. கடைசிச் சொட்டுகள் குடத்தில் விழுகிற ஓசை கேட்டது. வளையல் ஓசையும் நின்றது.

"கரண்டு போயிருச்சுங்களா, அம்மிணி?" வெளியிலிருந்து பாவாத்தாள் கேட்டாள்.

அவளுடைய விரல் இன்னும் பொத்தானின் மேல் இருந்தது.

"இல்லீங்க."