முதல் தட்டு ரொட்டி

ரொட்டிக்கடையின் பின்கட்டில் காலை வெயில் மாவுத் தூசிக்குள் சாய்ந்து விழுகிறது. காது கேளாத அந்தப் பெண் அடுப்பையே பார்த்தபடி நிற்கிறாள். மணியோசை கேட்காதவளுக்கு இங்கே என்ன வேலை என்று எத்தனையோ கடைகள் கைவிரித்துவிட்டன. இந்தக் கடைக்கார அக்காதான் அடுப்பு மணியைக் கழற்றிவிட்டு ஒரு பல்பை மாட்டியிருக்கிறாள். இப்போது அது பளிச்சென்று எரிகிறது. பெண் கதவைத் திறந்து தட்டை இழுக்கிறாள். அவள் தனியாகப் பிசைந்து சுட்ட முதல் ரொட்டிகள், பொன்னிறத்தில் உப்பி நிற்கின்றன. அக்கா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, சூடு தாங்காமல் ஊதிக்கொண்டே, "அடி சக்கை! இனிமே எனக்கு இங்க என்ன வேலை?" என்கிறாள். சரக்கு ஏற்ற வந்த வண்டிக்கார அண்ணன், புதிதாகக் கற்ற சைகையில் 'பிரமாதம்' என்று விரல்களை ஆட்டிக் காட்டுகிறார். பெண் திகைத்துப் பார்க்கிறாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "ஏன், தப்பா சொல்லிட்டேனா?" என்று அண்ணன் கையை விரித்துக் கேட்கிறார். பதிலுக்கு அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தலையில் வைத்து நீளக் காதுகளாக ஆட்டுகிறாள். "ரொட்டியப் போயி கழுதைன்னுட்டியேப்பா!" என்று அக்கா கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். பெண் அண்ணனின் முரட்டு விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கித் திருத்துகிறாள். அக்காவும் கையை நீட்டிப் பாடம் கேட்கிறாள். கடை முகப்பில் வாடிக்கையாளர்கள் மேசையைத் தட்டுகிறார்கள். உள்ளே அது யார் காதிலும் விழவில்லை.