லெந்து முடிந்த பிறகு

ஈஸ்டர் மதியம் ஜெமிமா கேரியரைத் திறந்ததும் பிரியாணி மணத்தது. சிலாஸின் முகம் வாடியது.

“பீட்ரூட் பொரியல் இல்லையாம்மா?”

“லெந்து நோன்பு முடிஞ்சிடுச்சு டாடி, இனிமே கறி சாப்பிடலாம்! காய்னாலே தட்டைத் தள்ளிடுவீங்களே?”

“இப்போ புடலங்காய்கூட ருசியாத்தான் இருக்கு. நாளைலேருந்து கேரியர் வராதா?”

“ஆமா டாடி, இன்னையோட சரி.”

“ஒரு தடவை கேட்டுப் பாரேன்.”

ஜெமிமா போனை ஸ்பீக்கரில் போட்டாள். “மம்மி, டாடி இனிமே தினமும் காய் சாப்பிடுவாராம்.”

அவரைப் பிரிந்து ஹப்சிகுடாவுக்குப் போன பிறகும், உபவாசம் கெடக் கூடாதென்று சமைத்தனுப்பிய மனைவி லோயிஸ் மறுமுனையிலிருந்து சொன்னாள்.

“பாகற்காய் சாப்பிடுவாரான்னு கேளு.”

ஜெமிமா கேட்பதற்குள், “சாப்பிடுவேன்னு சொல்லும்மா” என்றார் சிலாஸ், போனுக்கு வெகு அருகில் குனிந்து.