மூன்றாவது துண்டு

சாயங்கால ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இழுப்பு மாத்திரையும் வெந்நீர்ப் பிளாஸ்க்கும் கைப்பையில் மேலாக இருக்கின்றன. எஞ்சின் கரிப்புகை பிள்ளைகள் இருவருக்கும் ஆகாது. ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். புதுத் துண்டு சொரசொரக்கிறது. "அம்மா சேலையில கிழிங்கப்பா, மெத்துனு இருக்கும்" என்கிறாள் மகள் பொன்னழகு. மனைவி இறந்தபின் திறக்காத பீரோவிலிருந்து அவளுடைய கண்டாங்கிச் சேலையை எடுக்கிறேன். துவைத்துத் துவைத்து வெளுத்த அரக்கு நிறம். ஜன்னல் வெயில் அதனூடே தெரிகிறது. கிழிபடும் சத்தத்துக்குச் சின்னவன் உடையப்பன் சிரிக்கிறான். சிரிப்பில் இழுப்பு இல்லை. இரண்டு துண்டுகளை மடித்து வைக்கிறேன். பொன்னழகு மிச்சச் சேலையை மறுபடி என்னிடம் நீட்டுகிறாள். "இன்னொண்ணு கிழிங்க. நீங்க மட்டும் கரியக் குடிச்சுக்கிட்டா வருவீக?" கிழிக்கிறேன். மூன்றையும் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.