திறந்து கிடந்த மூடிகள்

இன்றும் மருந்து கொட்டிவிட்டது. அவள் தூக்கியதும் மூடி மட்டும் கையோடு வந்தது, பாட்டில் தரையில் உருண்டது.

சர்க்கரை டப்பாவும் அப்படித்தான், எறும்பு வேறு. காபித்தூள், உப்பு, சத்து மாத்திரை என்று சொல்லி அவள் வைத்திருந்த டப்பா, எதற்கும் மூடி பேருக்குத்தான். கணவரின் ஷேவிங் க்ரீம் ஒன்றுதான் ஒழுங்காக மூடியிருந்தது.

முப்பது வருடம் பிளம்பர் வேலை பார்த்த மனிதர். அவர் முடுக்கிய குழாயைக் கழற்ற அவரேதான் வரவேண்டும் என்று தெருவே கேலி செய்யும். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகும் இடது கையால் முறுக்கித்தான் மூடுவார். இரண்டு மாதமாகத்தான் இந்தக் கூத்து. காலையில் அவள் குளிக்கும் நேரத்தில் கைத்தடியோடு சமையலறை வரை நடைப்பயிற்சி. அவள் வருவதற்குள் எல்லாம் திறந்து கிடக்கும்.

அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. துணியை எடுத்துத் துடைத்தாள். பிழியத்தான் முடியவில்லை. மூட்டுவாதம் என்று டாக்டர் சொன்னதை அவள் அவரிடம் சொல்லவே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதாதா?

பத்து மணிக்குப் பிசியோதெரபிஸ்ட் வந்தாள். மேஜைமேல் முதியோர் காப்பகத்தின் விண்ணப்பம் தயாராக இருந்தது.

"இவருக்குப் புத்தி தடுமாறுதும்மா. இன்னிக்கு டப்பாவைத் தொறந்து வைக்கிறவர் நாளைக்கு கேஸைத் தொறந்து விட்டுட்டா? என்னால இனிமே முடியாது. நீங்க எழுதிக் கொடுத்தா சேர்த்துக்குவாங்களாம்."

நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று சொல்பவளைப் போலச் சொன்னாள். அவர் அங்கேயே நாற்காலியில்தான் இருந்தார்.

"இருங்கம்மா, ஒருதடவை பார்த்துடறேன்" என்ற பிசியோதெரபிஸ்ட், காலி ஜாடி ஒன்றை எடுத்து வந்தாள். "சார், இதை மூடுங்க பார்ப்போம்."

அவர் ஜாடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் ஒரு முறுக்கு முறுக்கினார். பிசியோதெரபிஸ்ட் அதை வாங்கித் திறக்கப் பார்த்தாள். துண்டைப் போட்டுத் திருகினாள், முகம் சிவந்ததுதான் மிச்சம்.

தேதி கேட்டாள், சரியாகச் சொன்னார். மூன்று வேளை மாத்திரைகளையும் வரிசையாகச் சொன்னார்.

"கையும் தெளிவு, புத்தியும் தெளிவு. அப்புறம் ஏன் சார் கிச்சன்ல எல்லாத்தையும் தொறந்து வைக்கிறீங்க?"

அவர் மனைவியின் கைகளைப் பார்த்தார். அவள் சட்டென்று அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

குழறிய வாயால் மெதுவாகச் சொன்னார்:

"அவளுக்குத்தான் விரல் மடங்க மாட்டேங்குதேம்மா."