கவனித்துக் கொல்வேன்

முதியோர் இல்லத்தின் அலுவலக அறை. ஜன்னல் வெயில் மேசைமேல் இருக்கும் கோடு போட்ட தாளில் விழுகிறது. அதைப் படிக்கும் மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொள்கிறார், தோள்கள் குலுங்குகின்றன. எதிரே நாற்காலி நுனியில் இருப்பவள் வேலை கேட்டு எழுதியவள். நாற்பது வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக்கூட்டக் கற்றவள். "தப்பா எழுதிட்டேனாங்க?" மேலாளர் ஒரு வரியில் விரல் வைக்கிறார். "பெரியவங்களை அன்போடு 'கவனித்துக் கொல்வேன்'னு எழுதியிருக்கீங்கம்மா." அவள் முகம் வெளிறுகிறது. "ஐயோ, நான் அப்படிப்பட்டவ இல்லீங்க!" "யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமே?" "இல்லீங்க. யாரையும் கேக்காம நானே எழுதின முதல் கடுதாசி இது." மேலாளரின் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. பேனாவை அவள் பக்கம் நகர்த்துகிறார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு 'ல்'லை அடித்துவிட்டு, மேலே 'ள்' எழுதுகிறாள். மற்ற எழுத்துகளைவிட அது இரண்டு மடங்கு பெரிதாக விழுகிறது. "இப்ப சரியாங்க?" "உயிர் பிழைச்சோம்," என்கிறார் மேலாளர். "திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு வேலைக்கு வந்துடுங்க." அவள் எழுந்து கும்பிடுகிறாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து நிற்கிறாள். "அந்தத் தாளை ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா? வகுப்புல எல்லாருக்கும் காட்டணும்."